இரண்டாம் இடத்துக்கு ஒரு மெழுகுதிரி

வெற்றி வேண்டி நேர்த்தி வைப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரண்டாம் இடம் வேண்டி மெழுகுதிரி கொளுத்தியவர் எனக்குத் தெரிந்து என் அம்மா ஒருத்திதான். புனித அந்தோனியாருக்கே அது புதுவிதமான விண்ணப்பமாக இருந்திருக்கும்.

எல்லாம் மாமாவால் வந்தது. மாமா அம்மாவின் தம்பி. எங்களுக்குப் பின்னால் மன்னாரிலிருந்து வந்து, ஃப்ரிபூர்க் நகருக்கு வெளியே ஒரு கராஜில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் சாரதி அனுமதிப் பத்திரம் இல்லை. ஆகவே இந்த நாட்டுத் தெருக்களில் ஒரு முழத் தூரம்கூட அவர் கார் ஓட்டக் கூடாது. ஆனால் ஒரு கமக்காரனின் புல்வெளியில், கண்ணாடிகளைக் கழற்றிய பழைய காரில், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, மற்றக் கார்களை இடித்துத் தள்ளியபடி ஓட்டுவதற்கு எந்தப் பத்திரமும் தேவைப்படவில்லை. அதற்கு ஸ்டொக் கார் பந்தயம் என்று பெயர். பிற்காலத்தில் வாகனப் பதிவு அலுவலகத்தில் பல்லாண்டு கதிரை தேய்த்து, முதுகு வலியால் முன்னதாகவே ஓய்வும் பெற்றுவிட்ட எனக்கு இந்த ஏற்பாட்டில் இன்றுவரை ஒரு பிழையும் தென்படவில்லை.

வசந்தத்தில் தொடங்கும் பந்தயங்கள் இலையுதிர் காலத்தில் முடியும். ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் உண்டு. கடைசிப் பந்தயத்தன்று புள்ளிகளைக் கூட்டி அந்த வருடத்துச் சம்பியனை அறிவிப்பார்கள். அந்த முறை மாமாவும் இறைச்சிக் கடைக்காரரின் மகனும் சமமாக நின்றார்கள். கடைசிப் பந்தயத்தில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்கே கிண்ணம்.

அந்தப் பந்தயம் நடக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் அம்மா துன் நகரிலிருந்து ஒரு விருந்தாளியை அழைத்திருந்தாள். மாமாவுக்குப் பேசியிருந்த பெண் ஊரில் இருந்தாள். அவளுடைய தமையன் துன்னில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் அவர். தன் தம்பி பெரிய பந்தய வீரன் என்று அம்மா டெலிபோனில் அளந்துவிட்டிருந்தாள். ஆகவே பூசை முடிந்ததும் பந்தயத் திடல், அதன் பிறகு வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பாடு என்று ஒழுங்கு செய்யப்பட்டது.

ஒழுங்கைக் குலைத்தது என்னுடைய பிரெஞ்சு. வீட்டில் அந்தப் பாஷையை வாசிக்கத் தெரிந்தவள் பத்து வயதான நான் மட்டுமே. பந்தய அறிவித்தலை அம்மாவுக்கு உரத்து மொழிபெயர்த்தேன். சம்பியனுக்கு ஒரு கிண்ணம், தோல்பட்டியில் கோத்த பெரிய மாட்டு மணி, பரிசு கொடுக்கும் பெண்ணின் முத்தங்கள்.

"எங்க, கையிலயோ?" என்று கேட்டாள் அம்மா.

"கன்னத்தில. இஞ்ச மூண்டுதானே வழக்கம்."

"எல்லாருக்கும் முன்னாலயோ?"

"மேடையில அம்மா. பேப்பர்க்காரர் படமும் எடுப்பினம்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். "ரெண்டாவதா வாற ஆளுக்கு என்ன குடுப்பினம்?"

"புகையில வாட்டின பண்டி இறைச்சி, முழுத் தொடை."

"அது நல்ல சாமான்."

அன்று பின்னேரம் மாமா வந்ததும் அம்மா விஷயத்துக்கு வந்தாள். "தம்பி, நீ ரெண்டாவதா வா."

"என்னக்கா கதைக்கிறாய்? வருசம் முழுக்க ஓடினனான்!"

"பொம்பிளையின்ர தமையன் பாத்துக்கொண்டு நிக்க ஒரு வெள்ளைக்காரப் பெட்டை உன்னைக் கொஞ்சிறதோ? சம்பந்தம் அதோட சரி. பண்டித் தொடை காணும் உனக்கு."

மாமா சுவரைப் பார்த்தார். பிறகு, "ஓம் அக்கா" என்றார்.

எங்கள் ஆட்களின் 'ஓம் அக்கா' சம்மதம் அல்ல. பேச்சை முடித்துக்கொள்ளும் ஒரு முறை. அது அம்மாவுக்கும் தெரியும். ஆகையால்தான் மெழுகுதிரி.

ஞாயிறு மழை பெய்து புல்வெளி சேறாகிக் கிடந்தது. துன் அண்ணை கோட்டும் பளபளத்த சப்பாத்துமாக வந்திறங்கினார். அம்மா அவருடைய சப்பாத்துகளுக்கு மேல் இரண்டு கடைப் பைகளைக் கட்டிவிட்டாள். அந்தக் கோலத்திலும் அவர் மாப்பிள்ளை பார்க்க வந்த கம்பீரத்தைக் கைவிடவில்லை.

"ஆபத்தில்லையோ அக்கா?"

"சீச்சீ, இது சும்மா விளையாட்டு" என்றாள் அம்மா. அந்நேரம் எங்களுக்கு எதிரே ஒரு கார் தலைகீழாகக் கவிழ்ந்தது.

மாமா சொன்ன சொல் தவறாமல் இறைச்சிக் கடைக்காரரின் மகனுக்குப் பின்னால் இரண்டாவதாகவே போய்க்கொண்டிருந்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது. அந்தோனியார் கைவிடமாட்டார் என்று என் காதுக்குள் சொன்னாள். கடைசிச் சுற்றில், கடைசி வளைவில், மாமா தன் காரின் மூக்கால் முன்னால் போனவனின் பின்சில்லுக்குப் பக்கத்தில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் கார் ஒரு முறை அழகாகச் சுழன்று, வந்த வழியைப் பார்த்தபடி வைக்கோல் கட்டுகளில் போய் உட்கார்ந்தது. மாமா எல்லையைக் கடந்தார்.

"பிரேக் பிடிக்கேல்லைப் போல" என்று அம்மா விருந்தாளியிடம் விளக்கினாள்.

"பிரேக் பிடிக்காட்டி வளைவிலயே வெளிய போயிருப்பார்" என்றேன் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

பரிசு கொடுத்தவள் மாமா வேலை செய்த கராஜ் முதலாளியின் மகள். அங்கே காரியாலயத்தில் பில் எழுதுபவள். மாமாவின் கழுத்தில் மணியை மாட்டி, சேறு படிந்த முகத்தைத் துடைக்கக்கூட விடாமல் முத்தம் கொடுத்தாள். வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். துன் அண்ணை செருமியபடி அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சத்தை வழக்கம், தம்பி" என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். "டாக்குத்தரின்ர மனிசி எனக்கும் மூண்டு தந்தவ."

"ஓம் அக்கா, துன்னிலயும் மூண்டுதான். எங்கட முதலாளி அம்மாவும் அப்பிடித்தான்" என்று அவர் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார். சம்பந்தம் தப்பிப் பிழைத்தது.

"நாலு" என்றேன்.

"என்ன?"

"நாலு அம்மா. மூண்டு முடிஞ்சு பிறகும் ஒண்டு குடுத்தவ. அது கன்னத்திலயும் இல்லை."

துன் அண்ணை குனிந்து, சப்பாத்தில் கட்டியிருந்த பைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம். ஆட்டிறைச்சிக் கறியை நாங்களே நாள்கணக்கில் சாப்பிட்டோம். அம்மா மாமாவோடு கதைக்கவில்லை. வந்தவர் சாப்பிடாமல் போன கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

பிழை யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. நேரே கராஜுக்குப் போனேன். மாமா ஒரு காருக்குக் கீழே படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. முதலாளியின் மகளிடம், இந்த ஊரில் மூன்றுதான் முறை, நீங்கள் கூடுதலாக ஒன்று கொடுத்ததால் மாமாவின் கலியாணமே நின்றுபோயிற்று என்று மரியாதையான பிரெஞ்சில் எடுத்துச் சொன்னேன்.

காருக்குக் கீழே ஸ்பனர்ச் சத்தம் நின்றது.

என்ன கலியாணம் என்று கேட்டாள். சொன்னேன். நின்றது நிச்சயமா என்று கேட்டாள். நிச்சயம் என்றேன். அவள் முகம் சிவந்து, சிரித்து, மேசை லாச்சியிலிருந்து ஒரு சொக்கிலேற்றை எடுத்துத் தந்து, இனிமேல் கவனமாக எண்ணுவதாக வாக்குக் கொடுத்தாள். காருக்குக் கீழே மாமா சீட்டியடிக்கத் தொடங்கினார்.

சொக்கிலேற்றைத் தின்றபடி வீட்டுக்கு நடந்தேன். பில் எழுதுகிறவளுக்கே மூன்றுவரை எண்ண வராவிட்டால் அந்தக் கராஜ் எத்தனை நாளைக்குத் தாங்கும், மாமாவின் வேலை என்ன ஆகும் என்பதே வழி நெடுக என் கவலையாக இருந்தது.