பெயின்ட் ஒட்டாத விளிம்பு

அந்த ஒர்க்‌ஷாப்பில் கணவனையும் மனைவியையும் விட்டால் வேறு ஆள் கிடையாது. காட்டுப் பாதையிலும் கல்குவாரியிலும் ஏறி இறங்குகிற ஜீப்புகள்தான் அங்கே வரும். அவன் ஃபிட்டர், அவள் பெயின்டர். வருகிறவர்கள் அவளைப் பெயின்டரக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் கண்டுகொள்வதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் மரச்சாமான் கடையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்குப் பெயின்ட் அடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நசுங்கிப்போன பழைய கதவுகளில் அடித்து, சுரண்டி, மறுபடியும் அடித்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் தகரத்தால் தடுத்த ஒரு பூத். உள்ளே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், காற்றுக் குழாய், ஸ்ப்ரே கன். கணவன்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் அதற்குள் வருவான்.

இருவருக்கும் தினமும் ஒரு சண்டை உண்டு. ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டால் சக்கரம் உடம்பைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சேறும் கல்லும் மேலே தெறிக்காமல் இருக்க, சக்கரத்துக்கு மேல் குடை பிடித்தமாதிரி ஒரு பிளாஸ்டிக் வளைவு மாட்டுவார்கள். அதற்கு ஃபிளேர் என்று பெயர். கம்பெனியிலிருந்து வரும்போது கறுப்பாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அதை அப்படியே மாட்டுவதா, வண்டியின் நிறத்தையே அடித்து மாட்டுவதா என்பதுதான் சண்டை.

"அடி வாங்கவே பொறந்த சாமானுக்கு எதுக்கும்மா மேக்கப்பு?" என்பான் அவன். "கறுப்பா இருந்தா கல்லு உரசுனாலும் தெரியாது. துடைச்சுட்டுப் போயிட்டே இருக்கலாம்."

"ஒரே வருஷ வெயில்ல வெளுத்து சாம்பல் பூத்துப்போகும், அதைச் சொல்லுங்க. வண்டி ஒரு கலரு, விளிம்பு ஒரு கலருன்னா ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்காது?"

"ஜீப்பு என்ன கல்யாணத்துக்கா போகுது?"

"நீங்க மட்டும் எந்தக் கல்யாணத்துக்குப் போறதுக்குத் தலைக்கு டை அடிக்கிறீங்க?"

வாடிக்கையாளர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் பாதிப்பேர் அவள் பக்கம் சாய்வார்கள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போவான். தோற்றதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இருமல் எப்போது தொடங்கியது என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது. முதலில் சாயங்காலங்களில் தொண்டை கரகரத்தது. பிறகு நெஞ்சை யாரோ துணியால் இறுக்கிக் கட்டினாற்போல இருந்தது. ஒர்க்‌ஷாப்புக்கு மேலே இருந்த வீட்டுக்கு மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, கைப்பிடிச் சுவரில் எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்வாள். லீவு நாட்களில் ஒன்றும் இருக்காது. பூத்துக்குள் போன அன்று தவறாமல் வரும். அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சொன்னால் அவன் அடுத்த நிமிஷமே பூத்தைப் பூட்டிவிடுவான். "கறுப்பே போதும்" என்றுவிடுவான். அந்த ஒர்க்‌ஷாப்பில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தத் தகரத் தடுப்பு ஒன்றுதான். அது போய்விட்டால் தான் அங்கே யார்? டீ போட்டுக் கொடுக்கிறவளா? இந்தக் கேள்வி உள்ளே குடைய ஆரம்பித்த பிறகு அவளுடைய பேச்சில் முள் முளைத்தது. முன்பு சிரித்துக்கொண்டே சொன்னதை இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கறுப்பே போதும் என்று யாராவது சொன்னால், தன்னையே வேண்டாம் என்று சொன்னதுபோல முகம் சுருங்கிப்போவாள்.

"என்னாச்சு உனக்கு? முன்னெல்லாம் இப்படி எரிஞ்சு விழமாட்டியே?" என்று அவன் ஒருநாள் கேட்டான்.

"வெயிலு" என்றாள்.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் சர்வேயரம்மாவின் ஜீப் வந்தது. குவாரி குவாரியாகப் போய் அளக்கிற வேலை அவருக்கு. ஐம்பதைத் தாண்டியவர். வண்டியைத் தானேதான் ஓட்டுவார். ஜீப் சாம்பல் கலந்த பச்சை நிறம். புது டயர், புது ஃபிளேர் எல்லாம் வாங்கி வந்திருந்தார்.

"பெயின்ட் அடிக்கலாமா, வேணாமா? நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு சொல்வீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று சிரித்தார்.

"நீங்க போற எடத்துக்கு வேணாம் மேடம்" என்றான் அவன்.

"என்னை நம்பி விடுங்க மேடம். வண்டியோட பொறந்தது மாதிரி இருக்கும்" என்றாள் அவள். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. சர்வேயரம்மா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி, உங்க கையால அடிங்க" என்றார்.

அந்த பிளாஸ்டிக்கில் பெயின்ட் சும்மா ஒட்டாது. உப்புத்தாளால் சொரசொரப்பு போகத் தேய்க்க வேண்டும். பிறகு பிளாஸ்டிக் பிரைமர் என்று ஒன்றை அடிக்க வேண்டும். அதுதான் பெயின்டைப் பிடித்துவைக்கும். முன்பக்கத்து இரண்டையும் முறைப்படி அடித்து முடித்தாள். பின்பக்கத்து இரண்டை எடுத்தபோது நெஞ்சு அடைத்தது. ஃபேன் கரகரவென்று சுற்றியதே ஒழிய, மூட்டம் அப்படியே நின்றது. மாஸ்க்குக்குள் மூச்சு திரும்பத் திரும்ப முட்டியது. பிரைமரின் நெடி ஊசியாகக் குத்தியது. டப்பாவின் மூடியைத் திறந்தவள், ஒரு நொடி நின்று, மூடியை மறுபடியும் அழுத்தி மூடினாள். நேராகப் பச்சையை அடித்தாள். மேலே பளபளப்புக்குக் கிளியர் கோட் அடித்தாள். காய்ந்ததும் நான்கும் ஒன்றுபோல மின்னின. அவனே வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றான். அவள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

சில வாரங்களில் சர்வேயரம்மா திரும்பி வந்தார். பின்சக்கரங்களுக்கு மேலே பச்சை நிறம் ஏடு ஏடாக உரிந்து தொங்கியது. அடியில் கறுப்பு பல்லிளித்தது.

"கல்லு பட்டா உரியத்தான் செய்யும் மேடம்" என்றான் அவன், மனைவியை விட்டுக்கொடுக்காமல்.

"கல்லு பட்டது முன்னாடி ரெண்டுலயும்தாங்க. கீறல் விழுந்துச்சு, அவ்வளவுதான். பின்னாடி ரெண்டும் வண்டி கழுவுறப்பவே தண்ணியோட உரிஞ்சு வந்துடுச்சு."

அவன் குனிந்து, தொங்கிய ஏட்டை விரலால் இழுத்தான். துளிக்கூட எதிர்ப்பில்லாமல் கையோடு வந்தது.  சரிசெய்து தருகிறோம் என்று சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டு, அவரை அனுப்பிவைத்துவிட்டு வந்தான்.

"பிரைமர் அடிச்சியா?"

"அடிச்சேன்."

"என்னைப் பாத்துச் சொல்லு."

"அடிச்சேன்னு சொல்றேன்ல? நான் செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கணும்னே காத்துக்கிட்டு இருந்தீங்களா?"

 அத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. பொய் சொன்னதும் இல்லை. அவள் விறுவிறுவென்று அந்த இரண்டு ஃபிளேரையும் கழற்றிக்கொண்டு பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வறட்டு வீம்பு. சுரண்டினாள், தேய்த்தாள், இந்தத் தடவை பிரைமர் அடித்தாள். பச்சையும் அடித்தாள். கிளியர் கோட்டில், அதை இறுகவைக்கிற ஹார்டனரைக் கலந்து ஒரு சுற்று அடிப்பதற்குள் கண் இருட்டியது. காற்று உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கன் கீழே விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் அவன் ஓடிவந்தான். அன்றைக்குக் கதவைத் தட்டவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஓடுகிற நிலையில் இருந்த ஒரே வண்டி சர்வேயரம்மாவின் ஜீப்தான். பின்சக்கரங்கள் மொட்டையாக இருக்க, அதிலேயே அவளைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. வழிநெடுக, "இந்தா வந்துடுச்சு, இந்தா வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். தன் குரல் தனக்கே யாருடையதோபோலக் கேட்டதாகப் பிற்பாடு சொன்னான்.

ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, மூச்சு ஒரு வழிக்கு வந்த பிறகு டாக்டர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாளெல்லாம் நோயாளிகளைப் பார்த்துக் களைத்த முகம்.

"அந்த ஹார்டனர்ல இருக்கிற கெமிக்கல்தாம்மா. உடம்பு ஒரு தடவை அதை எதிரியா நெனச்சுட்டா அவ்வளவுதான். அப்புறம் கொஞ்சூண்டு போதும், இதே மாதிரி ஆயிடும். அடுத்த தடவை ஆஸ்பத்திரி வந்து சேருவீங்களான்னு சொல்ல முடியாது."

"நல்ல மாஸ்க்கா மாத்திக்கிட்டா?"

"மாஸ்க்கை மாத்தலாம். நுரையீரலை மாத்த முடியாதே. இனிமே பெயின்ட் அடிக்கக் கூடாது. அடிக்கிற எடத்துல நிக்கவும் கூடாது."

டாக்டர் எழுந்து போனார். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிரைமர் அடிக்கல" என்றாள் அவள், கூரையைப் பார்த்துக்கொண்டு. "முடியல. மாசக்கணக்கா முடியல."

"பூத்து ஃபேனோட பெல்ட்டு வழுக்குதுன்னு எனக்கும் தெரியும்" என்றான் அவன். "நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னே விட்டுட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "எப்படியோ, நீங்க ஜெயிச்சிட்டீங்க. இனிமே எல்லாம் கறுப்புதான்."

"இப்படி ஜெயிக்கணும்னு யாருடி கேட்டா?" என்றான். அதற்குமேல் அவனால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

உடம்பு தேறுகிறவரை அவள் அக்கா வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது பூத் இல்லை. தகரம், ஃபேன், காற்றுக் குழாய் எல்லாவற்றையும் பிரித்து அப்புறப்படுத்தியிருந்தான். தடுப்பு நின்ற இடத்தில் தரை மட்டும் பல நிறங்களில் படைபடையாகத் தெரிந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

அவன் சொன்னது நியாயம்தான். அதனாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. சில நாட்கள் இருவருக்கும் பேச்சே இல்லை. அவன் சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவிவைத்தான். அவள் ஒர்க்‌ஷாப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. பெயின்ட் அடிக்கக் கேட்டு வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். சிலர் கறுப்பையே மாட்டிக்கொண்டு போனார்கள். ஒருவரும் அதைக் குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை. மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

சர்வேயரம்மா தன் வண்டியைக் கேட்டு வந்த அன்றுதான் கீழே இறங்கினாள். கணவன் ஏதோ சமாளிக்க வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"பின்னாடி ரெண்டுக்கும் நான் பிரைமர் அடிக்கல மேடம். மூச்சு முட்டுச்சு, விட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லவும் இல்ல."

 சர்வேயரம்மாவின் முகத்தில் கோபம் வந்தது, போனது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நான் கறுப்பாவே விட்டிருப்பேனே."

"அதுக்காகத்தான் சொல்லல."

 சர்வேயரம்மா தலையை மெல்ல ஆட்டினார். "சரி, நாலுமே கறுப்பா மாட்டிடுங்க" என்றார் கடைசியில்.

புது ஃபிளேர்கள் வந்தன. கணவன் ஸ்பேனரை எடுத்தபோது அவள் கையை நீட்டினாள். அவன் தயங்கிவிட்டுக் கொடுத்தான். வாசலில், திறந்தவெளியில், குந்தி உட்கார்ந்து அவளே மாட்டினாள். உடம்புத் தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ரப்பர் பட்டையை வைத்து, ஓட்டைக்கு ஓட்டை ஒத்துப்பார்த்து, போல்ட்டை முடுக்கினாள். ஒரு இடத்தில் ஆத்திரத்தோடு முடுக்கிவிட்டாள். பிளாஸ்டிக் நெரிந்து வெளிறியது.

"மெதுவா" என்றான் அவன். "கையை இறுக்காம விடு. தானா போயி உக்காரும்."

அந்தச் சண்டைக்குப் பிறகு அவளிடம் அவனாக வாய் திறந்தது அப்போதுதான். அவள் அரைச் சுற்றுத் தளர்த்தினாள்.

"டயரு எங்கேயாவது உரசுதான்னு குவாரிப் பாதையில ஏத்திப் பாத்துடலாமே. ரெண்டு பேரும் ஏறுங்க" என்றார் சர்வேயரம்மா. இத்தனை வருஷம் வண்டிகளுக்கு அழகு பார்த்தவள், ஒன்றிலாவது ஏறி அவை போகிற இடத்துக்குப் போனதில்லை. பின்சீட்டில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

குவாரிப் பாதை வீடுகள் முடிகிற இடத்தில் தொடங்கியது. ஜீப் ஒருபக்கமாகச் சாய்ந்தது, உறுமியது, பள்ளத்தில் இறங்கிப் பாறைமேல் ஏறியது. ஒரு திருப்பத்தில் பின்பக்கம் கல்லில் பட்டு நறநறவென்று தேய்ந்தது. அவளுக்கு உடம்பு கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். சர்வேயரம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்டியரிங்கை வளைத்துக்கொண்டு போனார். மேட்டில் நிறுத்தியதும் அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். கறுப்பில் சாம்பல் நிறமாக ஒரு கோடு விழுந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தாள். பாதி மறைந்தது, மீதி அப்படியே இருந்தது. பச்சை அடித்திருந்தால் இந்நேரம் ஒரு விரற்கடை பெயர்ந்திருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது. அது தெரிந்ததில் சந்தோஷமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

இறங்கி வரும்போது எதிரே கல் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அதன் புழுதி ஜன்னல் வழியே உள்ளே புகுந்தது. அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சு பழையபடி இறுகியது. கணவன் அவசர அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவள் பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்து வாயருகே பிடித்தான்.  அவளே வாங்கி இழுத்தாள். சர்வேயரம்மா வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார்.

இளைப்பு அடங்க நேரமாயிற்று.  வெளியே புழுதி மெதுவாகப் படிந்துகொண்டிருந்தது. அவன் அவள் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

"பூத்தை நான் இல்லாதப்போ பிரிச்சது தப்பு" என்றாள் அவள், குரல் வந்ததும்.

"தப்புதான்" என்றான் அவன்.

"நாளைக்கு வேற ஏதாவது மாட்டுற வேலை இருக்கா?"

"ஒரு பம்பர் இருக்கு. கனமா இருக்கும். ரெண்டு பேரு பிடிக்கணும்."

அவள் தலையாட்டினாள். சர்வேயரம்மா பின்பக்கம் காட்டுகிற கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, போகலாமா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவள் கையைக் காட்டினாள். இன்னும் ஒரு தடவை இழுத்து மூச்சு விட்டுப் பார்த்தாள். முழுதாக வரவில்லை. முக்கால்வாசி வந்தது. அது போதும் என்று, "எடுங்க மேடம்" என்றாள்.