சமையலறை வாசலில் எடுத்த கல்யாணப் படம்

ரெஜினா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை... தூக்கத்திலேயே. குரூப்பில் மெசேஜ் பார்த்தும் நம்பாமல் அவர் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

தம்போய் ஊர் ஃபேக்டரியில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. லீவு நாளில் ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். "இந்தக் காலத்துல ஃபிலிமா?" என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்தால், "உங்க மூஞ்சிய எடுக்கப் போறதில்ல, விடுங்க பாஸ்" என்பார்.

என் தங்கச்சி கல்யாணம் பத்து பாகாட் ஊரில், கோயில் மண்டபத்தில். படம் எடுக்க அக்காவைத்தான் கூப்பிட்டிருந்தேன். அப்பா இல்லை. அதனால் அம்மா மணவறைப் பக்கமே வரக் கூடாதாம். பெரியப்பாவின் உத்தரவு.

பெற்று வளர்த்து, ஓவர்டைம் செய்து, கல்யாணத்தையும் நடத்துகிறவர், பின்னால் சமையலறை வாசலில் நிற்க வேண்டும். கேவலம். நான் கத்தினேன். "சும்மா இருடா" என்று அடக்கியது அம்மாவேதான்.

தாலி கட்டியாயிற்று. குடும்பப் படத்துக்கு எல்லாரும் மேடையில் ஏறி நின்றார்கள். அம்மா இல்லாமல்.

ரெஜினா அக்கா கேமராவை இறக்கினார். "இங்க வெளிச்சம் பத்தல. எல்லாம் பின்வாசலுக்கு வாங்க."

"ஃப்ளாஷ் போடும்மா!" பெரியப்பா.

"ஃபிலிம் அங்கிள். வெயில்தான் வேணும். அப்புறம் இருட்டா வந்துருச்சுன்னு என்னைத் திட்டக் கூடாது லா."

அலமாக், அடேயப்பா... மாலையும் கழுத்துமாகப் பொண்ணு மாப்பிள்ளை, பட்டுப் புடவைகள், பெரியப்பா... மொத்தக் கூட்டமும் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தது!

அம்மா ஒதுங்கப் பார்த்தார். "ஆன்ட்டி, அசையாதீங்க. உங்க மேலதான் லைட் விழுது. அங்கிள், நீங்க தள்ளுங்க, மறைக்கிறீங்க."

அந்தப் படம்... பக்கவாட்டில் காலை வெயில். சோற்று ஆவி வெள்ளையாக மிதக்கிறது. தங்கச்சி கழுத்திலிருக்கும் மஞ்சள் கயிற்றை அம்மா ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறார். கன்னத்து வியர்வைகூட மின்னுகிறது. தினமும் பார்க்கிற முகம்தான். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"ஃபிலிம்லயும் ஃப்ளாஷ் போடலாம்தானே அக்கா?" என்று பிறகு வேலையில் கேட்டேன்.

"போடலாமே. அது உங்க பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

நாளை சர்ச்சில் ஜெபம், பிறகு அடக்கம். அம்மாவிடம் சொன்னேன். அந்தப் படத்தை எடுத்துத் துடைத்தார். அப்புறம், "சீக்கிரமே போயிரணும்டா. நான் முன்னாடி நிக்கணும்" என்றார்.

வர்றோம் அக்கா.