தெளிந்த வானத்தில் ஒரு ஷெல்லடி

எங்கள் வெல்லாவெளிக் கிராமத்தில் முதலாளியின் சொந்த ஜெட்டில் பறந்தவள் என்னைத் தவிர வேறொருத்தி இருக்கமாட்டாள். அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஊரில் யுத்தம் நடந்த காலம் அது. என் இரண்டு பிள்ளைகளையும் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, வளைகுடாவில் ஒரு பணக்கார வீட்டில் பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டுக் குழந்தைக்கு இரண்டு வயது. அவர்கள் எங்கே பறந்தாலும் அவனோடு நானும் பறக்கவேண்டும்.

அன்று யன்னலுக்கு வெளியே ஒரு பொட்டு மேகம் இல்லை. பெல்ட் போடச் சொல்லும் விளக்கும் எரியவில்லை. முதலாளி கோப்பியும் கையுமாக நடந்து திரிந்தார். மேடம் சோபாவில் காலை நீட்டியிருந்தாள். குழந்தை நடைபாதையில் விளையாட்டுக் கார் ஓட்ட, நான் அவன் பின்னால் குனிந்து போய்க்கொண்டிருந்தேன்.

டமார் என்று ஓர் அடி. தரை அதிர்ந்தது.

விமானத்தில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. ஷெல் குண்டு என்றுதான் நினைத்தேன். ஒன்று விழுந்தால் அடுத்தது இன்னும் கிட்ட விழும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. "படு மனே, படு!" என்று, என் மகளையும் மகனையும் கூப்பிடும் அதே சொல்லால் கத்தியபடி குழந்தையை இழுத்துத் தரையில் போட்டு, மேலே கவிழ்ந்தேன். ஒரு கையால் இருக்கையின் காலைக் கட்டிப்பிடித்து, முழங்காலை எதிர் இருக்கையில் முட்டுக்கொடுத்தேன். மேடம் சிரித்தாள். சிரித்து முடிவதற்குள் விமானம் அப்படியே கீழே போனது.

முதலாளி கூரையில் மோதினார். மேடமும் மோதினாள். தட்டும் பழமும் மேலே போய்த் திரும்பி எங்கள்மேல் கொட்டின. என் கால்களும் தரையைவிட்டுக் கிளம்பின. பிடித்த கையை மட்டும் நான் விடவில்லை. தோள்மூட்டு கழன்றுவிடும்போல் வலித்தது. குழந்தை நெஞ்சுக்குக் கீழே வீறிட்டான். அழுகிறான், அப்படியென்றால் உயிரோடு இருக்கிறான் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிடம்கூட இல்லை, எல்லாம் அடங்கிவிட்டது. முதலாளிக்கு மண்டை உடைந்திருந்தது, மேடத்துக்குக் கை முறிந்திருந்தது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. இறங்கியபின் விமானி என்னைத் தேடி வந்தார். மேகமில்லாத இடத்தில் வரும் காற்றுக் கொந்தளிப்பு ராடாருக்கும் தெரியாதாம். இருக்கைக்குப் போக நேரமில்லாவிட்டால் தரையில் உட்கார்ந்து எதையாவது பிடி என்றுதான் தங்கள் ஆட்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்களாம். நீ எங்கே படித்தாய் என்று கேட்டார். "ஸ்ரீலங்கா" என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். ஷெல் என்று பிழையாக நினைத்ததைப் பற்றி மூச்சே விடவில்லை.

அடுத்த கிழமை தங்கச்சி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வாவியைத் தாண்டி அக்கரையான எழுவான்கரையில் ஒரு டெலிபோன் கடைக்கு வந்திருந்தாள். போனில் அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிப் பெருமையடித்தேன். "பெரிய ஆள்தான் அக்கா நீ" என்றாள். மகள் போனைப் பறித்தாள்.

"இதென்னம்மா பெரிய வேல? நானும் தம்பிய இப்பிடித்தானே கீழ போட்டு மேல படுக்கிற. நேத்தும் படுத்தன்."

"அவன் அழுதானா, மனே?"

"இல்லம்மா. அவன் பழகிட்டான்."

அந்தப் பெரிய வீடே கேட்க அழுதேன். என் மகளை நினைத்துப் பெருமையில் வந்த அழுகை அது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அவளுக்கு அப்போது ஏழு வயது.