நடுவில் வைக்கிற ஸ்பீக்கர்

"நடுவுல வைக்கிற ஸ்பீக்கர்ல பேச்சு மட்டும் தனியா வருமாமே, நெசமா தம்பி?"

டீமேக்கர் ஐயா என் கம்பியூட்டர் கடைக்கு வந்து கேட்ட முதல் கேள்வி இது. ஹட்டனில் மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பகல். குடையைக்கூட மடக்காமல் வாசலில் நின்று, எதிர்ச்சாரிக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்திக் கேட்டார். என் மேசைமேல் அப்போது ஒரு பழைய ஹோம் தியேட்டர் செட்டின் நடு ஸ்பீக்கர் கிடந்தது. செங்கல் அளவு இருக்கும். ஒரு மூலை உடைந்திருந்தது. ஆமாம் ஐயா, ஐந்து ஸ்பீக்கர் உள்ள செட்டில் சண்டையும் மேளமும் சுற்றிலும் வரும், ஆட்கள் பேசுவது மட்டும் நடுவிலிருந்து வரும் என்றேன். அவர் அதைத் தூக்கி, குழந்தையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இத வச்சு ஒரு கம்பியூட்டர் பூட்டிக் குடு. டீவியில மாட்டிப் படம் பாக்கணும். ரொம்பச் செலவு வேணாம், நா பென்சன் வாங்குறவன்."

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையையே தன் கையில் வைத்திருந்தவர் அவர். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. என் அப்பா அவருக்குக் கீழே கொழுந்து அரைக்கிற மிஷினில் நின்றவர். ஐயா பேர் போன கோபக்காரர். அவர் ஏசினால் மலைக்கு மேல் கொழுந்து எடுக்கிற பெண்களுக்குக் கேட்கும் என்று தொழிலாளர் லயத்தில் சிரிப்பார்கள். ஓய்வு பெற்றபின் டவுனுக்கு வெளியே சின்ன வீடு கட்டி, மனைவியோடு இருந்தார். ஒரே மகள் கல்யாணமாகி வலப்பனையில்.

சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வாடிக்கையாளர் எனக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் இல்லை. எல்லாரும் படம் பளிச்சென்று வர வேண்டும் என்பார்கள். இவர் அந்தச் செலவிலேயே வெட்டினார். கொழும்பில் கொண்டுவந்து குவிக்கிறார்களே, வெளிநாட்டு ஆபீஸ்கள் கழித்துவிட்ட கம்பியூட்டர்கள், அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதில் சத்தம் போகிற துளை ஒன்றே ஒன்றுதான். ஐந்து ஸ்பீக்கருக்குத் தனியாக ஒரு சவுண்ட் கார்டு வேண்டும். அதற்கு மேல் அம்ப்ளிஃபையர். கணக்கு ஏறியது. "கிராபிக்ஸ் கார்ட எடுத்துரு" என்றார். படம் தெளிவாக வராதே ஐயா என்றேன். "மூஞ்சி மங்கலா தெரிஞ்சா ஒண்ணும் செத்துப் போக மாட்டோம்." ரேமையும் பாதியாக்கினார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கடைக்காரன் புத்தி; நான் சொல்வதைக் கேட்காத ஆளைக் கண்டால் ஆகாது. சாமான் அடுக்கிய ராக்கையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, மலையில் இந்த ஈரத்துக்குப் பழைய பவர் சப்ளை தாங்காது, அதையாவது புதிதாகப் போடலாமா என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன். போச்சு, கோபித்துக்கொண்டாரோ என்று திரும்பினால், மனிதர் சாவகாசமாகத் தெருவில் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

தோளைத் தொட்டேன். திரும்பிய முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கியது அவருக்கும் விளங்கியது.

"ஆருக்கும் சொல்லிப்புடாத" என்றார். முதன்முறையாகத் தாழ்ந்த குரல்; அவர் அளவுக்குத் தாழ்ந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் மிஷின் இரைச்சலில் கிடந்த காது. சேமலாப நிதிப் பணம் எடுக்கிற விஷயம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகக் கண்டிக்குப் போய் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். "சத்தம் கேக்கும், சொல்லு வெளங்காதுன்னாரு. காதுல ஒரு மிஷின வச்சுப் பாத்தாங்க. கடவுளே, மறுபடி பெக்டரிய தூக்கிக் காதுக்குள்ள போட்ட மாதிரி இருந்திச்சு. புடுங்கிக் குடுத்துட்டு வந்துட்டேன்." எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி பிடித்துவிடுவார். தொழிற்சாலையில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு; என் அப்பாவுக்கும் இருந்தது. உங்கள் வீட்டு அம்மாவிடமாவது சொல்லலாமே ஐயா என்றேன். தலையை ஆட்டினார். "ஒங்கப்பன் கூட நின்ன ஆளுகள எத்தன பேர செவிட்டு மூதின்னு ஏசியிருக்கேன் தெரியுமா? இப்ப நா போயி எனக்குங் கேக்கலன்னு நிக்கவா?"

பிறகு அவராகவே சொன்னார். அம்மா இப்போதெல்லாம் அவரிடம் பேசுவது குறைந்துவிட்டதாம். ஏன் ஒதுங்கிப் போகிறாள் என்று தெரியவில்லையாம். "படம்னா அவளுக்கு உசிரு. போட்டா வந்து பக்கத்துல ஒக்காருவா. அவ சிரிக்கிற எடத்துல நானும் சிரிக்கணும், அம்புட்டுத்தான் தம்பி." அந்த நடு ஸ்பீக்கரை அப்போதும் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் எந்த வாயால் முடியாது என்பது? அவர் பார்க்க நினைத்ததெல்லாம் பழைய தமிழ்ப் படங்கள். அவற்றில் பேச்சும் பாட்டும் ஒரே குழம்பாகத்தான் பதிவாகியிருக்கும். நடுவில் தனியாகப் பிரித்தெடுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் செய்து பார்த்தேன். அடிச்சத்தத்தைக் குறைத்தேன், பேச்சுக் குரல் வரும் பகுதியை ஏற்றினேன், இணையத்தில் கிடைத்த மென்பொருளையெல்லாம் இறக்கினேன். கடைசியில், திரையின் கீழே வசனத்தை எழுத்தாக ஓடவிடலாமா என்று கேட்டேன். "அவ கண்டுபுடிச்சுருவா" என்று மறுத்துவிட்டார். காதே போன பிறகு எந்தப் பார்ட்டை மாற்றி என்ன? எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் அந்த மேசையோடு சரி.

வீட்டில் கொண்டுபோய் எல்லாவற்றையும் இணைத்துப் பூட்டிய அன்று அம்மா கடலை வடை சுட்டு வைத்திருந்தார். ஒரு நகைச்சுவைப் படத்தைப் போட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஐயா திரையைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சிரித்தார். ஒரு நொடி கழித்து ஐயா சிரித்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வெற்றி என்பதுபோல.

வயரை ஒழுங்குபடுத்த நான் படத்தை நிறுத்தியபோது அம்மா எழுந்து குசினிக்குப் போயிருந்தார். அங்கிருந்தே கூப்பிட்டார். "இந்தாங்க, டீ ஊத்தவா?" அந்தக் காலத்துப் பெண், புருஷன் பேரைச் சொல்வதில்லை, எதிரே வந்து நின்று பேசுவதுமில்லை. கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து வரும் ஒரு 'இந்தாங்க'தான் அவர்களுடைய குடித்தனம் முழுக்க. ஐயா அசையவில்லை. அம்மா இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு, திரையை விலக்கி என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பாத்தீங்களா தம்பி? சிங்களப் பையன கட்டிக்கிறேன்னு மக வந்து நின்னப்ப நாந்தான் சரின்னு சொன்னேன். அதுலருந்து இப்படித்தான். நா கூப்புட்டா திரும்ப மாட்டாரு."

அட கடவுளே என்றிருந்தது எனக்கு. அந்த மருமகன் தங்கமான பையன் என்று இதே ஐயா என் கடையில் கத்திச் சொன்னதைத் தெருவே கேட்டிருக்கிறது. முன்னால் போய் நின்று கேளுங்கள் அம்மா என்றேன். "முன்னால நிக்க எனக்கு மொகம் ஏது தம்பி?" என்றார். யாருக்கும் சொல்வதில்லை என்று ஐயாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வேறு வழி தெரியாமல் ஐயாவின் எதிரே போய், அம்மா கூப்பிடுகிறார்கள் என்று வாயசைத்தேன். மனிதர் துள்ளி எழுந்தார். "என்ன புள்ள, கூப்புட்டியா?" என்று குசினிப் பக்கம் திரும்பினார், முகமெல்லாம் சிரிப்பாக. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெளியாள் சொன்னால் திரும்புகிற மனிதர், தான் கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதுதான் அம்மாவுக்குப் பட்டது. நல்லது செய்யப் போய் நான் இருந்ததையும் கெடுத்தேன்.

அந்த வீட்டுக்குத் 'தியேட்டர் வீடு' என்றே பேராகிவிட்டது. பின்னேரமானால் வசனம் பாதைவரை கேட்கும். அக்கம்பக்கத்தார் என்னிடம் வந்து முறையிட்டார்கள். ஏன் அவ்வளவு சத்தம் என்று நான் சொல்லவில்லை. அம்மா சில நாள் வந்து உட்கார்ந்தாராம். பிறகு தலைவலி என்று நிறுத்திவிட்டாராம். ஐயா தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து ஐயா போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு நான் மட்டும் இருந்தேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "கடசி வரைக்கும் என்னய மன்னிக்காமலே போயிட்டாரே தம்பி" என்றார். இனி யாருக்காக வாக்கைக் காப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். கண்டி டாக்டர், உதட்டைப் பார்த்துப் பேசியது, அவருக்குக் கோபமே இல்லாதது, அம்மா சிரிக்கும் இடத்தில் சிரிக்க ஆசைப்பட்டது, எல்லாம். நம்பவைக்க என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"ஒங்களுக்கு நல்ல மனசு தம்பி. என்னயத் தேத்துறதுக்காகப் பொய்யெல்லாம் சொல்ல வேணாம். காது கேக்காத மனுசனா அஞ்சு ஸ்பீக்கர் வாங்கி வச்சு, ஊருக்கே கேக்குற மாதிரி படம் பாத்தாரு?"