தன்லியின் மேட்டில் ஒரு இத்தாலி வீடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் உட்காரும் இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பர்மியப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தேன். தமிழ் எழுதக் கற்றது ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் நடந்த வகுப்பில். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேச எனக்கு இந்த வயதிலும் வராது. கோவில் மலருக்கு யாராவது தங்கள் வீட்டைப் பற்றி எழுதித் தரலாம் என்று சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன். பிறகு, பேசத்தானே வராது, எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஷ்வேப்யிதாவில் ஒரு நூல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். "பாரு, காலையில குமரனாப் போனேன், கிழவனா வந்துட்டேன்" என்று சிரிப்பார். அந்தப் பஞ்சு நெஞ்சுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரிய வெகுநாள் ஆனது. வேலையை விட்ட பிறகும் மூச்சு சரியாகவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"இந்தப் புகையும் மாடிப்படியும் இவருக்கு ஆகாது. நல்ல காற்று உள்ள இடமாகப் பாருங்கள். இருக்கிற நாளைச் சிரமம் இல்லாமல் இருப்பார்."

இருக்கிற நாள் என்று டாக்டர் சொன்னது என் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் காதிலும் விழுந்திருக்கும்.

நகரத்து நடுவில், லான்மடாவில் எங்களுக்கு நாலாவது மாடி. ஏறும்போது எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய படிக்கட்டு. அதனால் எல்லா வீட்டுப் பால்கனியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு இரும்புக் கிளிப்போடு. காய்கறியோ மருந்தோ கீழே இருந்து கிளிப்பில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்ளலாம். கடைசி வருஷம் அவருக்கும் தெருவுக்கும் இருந்த சம்பந்தம் அந்தக் கயிறுதான். மின்சாரம் நின்றால் கீழே கடைகள் எல்லாம் ஜெனரேட்டரைப் போடுவார்கள். அந்தப் புகை நேராக எங்கள் ஜன்னலுக்கு ஏறி வரும். ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

சுவரில் ஒரு படம் இருந்தது. கப்பல் சாமான் விற்கும் கடையில் கொடுத்த பழைய காலண்டர். மற்ற மாதங்கள் எல்லாம் போய் அந்த ஒரு தாள் மட்டும் தங்கிவிட்டது. மலைச் சரிவில் சின்னதாக ஒரு கல் வீடு, சிவப்பு ஓடு, பக்கத்தில் ஒரே ஒரு மரம், திறந்து கிடக்கிற ஜன்னல். மனிதர் யாரும் இல்லை. அது இத்தாலி தேசத்துக் கிராமம் என்று யாரோ படித்துச் சொன்னார்கள்.

"அந்த ஜன்னல் கிட்ட ஒரு ராத்திரி படுத்து, காலையில அங்கேயே முழிக்கணும். அவ்வளவுதான் எனக்கு" என்பார்.

"இத்தாலிக்குக் கயிறு எட்டாதுங்க" என்பேன். அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

அப்படித்தான் தன்லியின் என்ற ஊரில் வீடு வந்தது. பாலம் தாண்டி அக்கரையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் ஏற்றம். மலை என்று சொன்னால் ஊர்க்காரர்களே சிரிப்பார்கள், மேடுதான். சரிவில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சின்ன வீடு, பக்கத்தில் ஒரு பலாமரம். வீட்டுக்குச் சொந்தக்காரர் தனியாக இருந்த ஒரு வயதான பர்மிய அம்மா. மகள் வீட்டோடு போய் இருப்பதற்காக விற்கிறார். மகன் எல்லை தாண்டிப் போனவன். 'அமே' என்று கூப்பிட்டோம். பர்மியில் அம்மா என்பதற்கு அதுதான் சொல்.

இவர் மேட்டில் ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு அடங்கியதும் அமேயிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஜன்னல்ல காத்து வரும்?" என்பது. வீடு பார்க்க வந்த மற்ற ஆட்கள் எல்லாம் நிலத்தின் அளவைத்தான் கேட்டார்களாம். அமே இவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், தெற்கு ஜன்னலைத் திறந்துவிட்டு, "இங்கே உட்கார், மகனே" என்றார். தூரத்தில் ஆறு தெரிந்தது. இவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"கல்லுக்குப் பதிலா பலகை, ஓட்டுக்குப் பதிலா தகரம். மத்தபடி இத்தாலிதாம்மா."

என் நகைகளும் தொழிற்சாலையில் கொடுத்த பணமும் வீட்டு விலைக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அமே ஒரு நிபந்தனை சொன்னார். பர்மியர் வீடுகளில் வீட்டைக் காக்கும் நாட் தெய்வத்துக்காக ஒரு முழுத் தேங்காயைச் சிவப்புத் துணி சுற்றி, ஒரு தூணில் அடித்த சட்டத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். தேங்காயில் தண்ணீர் வற்றக் கூடாது. அவ்வப்போது ஆட்டிப் பார்த்து, சத்தம் குறைந்தால் காம்போடு புதுசு மாட்ட வேண்டும்.

"நீங்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தெய்வத்தை வெளியே அனுப்பிவிடாதீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் இவரோடு இருக்கிறேன்."

"எங்க வீட்டுல ஏற்கெனவே ஏகப்பட்ட சாமி, அமே. இன்னும் ஒருத்தர் வந்தா நெருக்கடி ஆகிடாது" என்றார் இவர். அமே பல் இல்லாத வாயோடு சிரித்தார்.

பால் காய்ச்சுவதற்கு ஒரு நாள் பார்த்தோம். அன்றைக்கு ராத்திரியே அங்கே தங்கிவிடுவது என்று முடிவு. இவருக்கு முதல் நாளிலிருந்தே சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். அவருடைய அக்கா, என் நாத்தனார், விடிவதற்குள் வந்துவிட்டார். எங்களுக்கு இருக்கும் சொந்தம் அவர் ஒருவர்தான். நான் பேசாததையும் சேர்த்து அவர் பேசிவிடுவார்.

"ஐயர் எதுக்கு? நான் இருக்கேன். ஏம்மா, குத்துவிளக்கை மடியில வச்சுக்க. தம்பி, நீ ஒண்ணுமே தூக்காத, உன்னையே ரெண்டு பேர் தூக்கணும்."

தூக்கத்தான் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு படிக்கட்டில் இறக்கினார்கள். பூசைச் சாமான் பையை நாத்தனார் கயிற்றில் இறக்கினார். கீழே போய் அவர் கிளிப்பைக் கழற்ற வேண்டும். நாற்காலி முதல் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொள்ள, "சாய்ங்க, சாய்ங்க, அட இந்தப் பக்கம்" என்று கத்திக்கொண்டே இறங்கியவர், நேராக வண்டிக்குள் ஏறிவிட்டார். பை கயிற்றிலேயே நின்றுவிட்டது. பாலத்தில் போகும்போதுதான் ஞாபகம் வந்தது.

"போச்சு. கற்பூரம், வெத்தலை, தேங்காய் எல்லாம் அதுலதான்."

"விடுக்கா. பால் இருக்கு, அடுப்பு இருக்கு" என்றார் இவர்.

"தேங்காய் உடைக்காம கிரகப்பிரவேசமா? ஊர் சிரிக்கும்."

வீட்டுக்குப் போனபோது அமே இல்லை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். இவரை வாசல் மரத்தடியில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் விசிறிக்கொண்டிருந்தேன். நாத்தனார் உள்ளே போய்க் கோலம் போட்டு, பாலைப் பொங்க வைத்தார். நேரம் போகிறது, நேரம் போகிறது என்று அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கையில் ஒரு தேங்காயோடு வெளியே வந்தார்.

"அந்தம்மா நல்ல மனசுக்காரி. நமக்குன்னு அலமாரி மேல எடுத்து வச்சிட்டுப் போயிருக்கு பாரு" என்று சொல்லி, வாசல் கல்லில் ஓங்கி அடித்தார்.

தண்ணீர் தெறிக்கவில்லை. இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே வற்றிப்போய், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. நல்ல காரியத்துக்கு உடைக்கிற தேங்காய் அழுகிப்போனால் நமக்கு எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நான் திறந்த கதவு வழியாகத் தூணைப் பார்த்தேன். சட்டம் காலியாக இருந்தது. அப்போதுதான் அது எந்தத் தேங்காய் என்று புரிந்தது.

அந்த நேரத்தில்தான் அமே மேடு ஏறி வந்தார். கையில் புதுச் சிவப்புத் துணி. நாங்கள் வருகிறோம் என்பதற்காகப் பழைய துணியை மாற்ற நினைத்து, ஆள் வைத்துத் தேங்காயை இறக்கி, துணியை அவிழ்த்து அலமாரியில் வைத்துவிட்டு, துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து இரண்டு மூடியையும் எடுத்து, உள்ளே விரலால் தடவிப் பார்த்தார்.

"தண்ணீரே இல்லை" என்றார். "மகன் போனதிலிருந்து நான் ஆட்டிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. சத்தம் வராவிட்டால் என்ன செய்வது?" என்றார்.

நாத்தனார் பாதி பர்மியும் பாதி தமிழுமாக மன்னிப்புக் கேட்டார். அமேக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, இவர் முழங்காலில் கை வைத்தார்.

"மகனே, காவல் வற்றிய வீட்டில் நோயாளி படுக்கக் கூடாது. தப்பு என்னுடையது. என் மகள் தோட்டத்திலிருந்து காம்போடு ஒன்று கொண்டுவந்து, புத்தருக்கு விரதம் இருக்கும் உபோசத நாளில் மாட்டுகிறேன். அதற்குப் பிறகு வந்து படுத்துக்கொள். கொஞ்ச நாள்தான்."

"அதெல்லாம் முடியாது" என்று நாத்தனார் எழுந்தார். "பால் காய்ச்சியாச்சு, படுக்கை போட்டாச்சு. வீடு இப்ப நம்மளுது. நம்ம சாமி போதும். தம்பி, நீ உள்ள வா."

இவர் உள்ளே பார்த்தார். தெற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, தலையணை போட்டு, நாத்தனார் தயாராக வைத்திருந்தார். திரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் என்ன சொன்னாலும் அதன்படி செய்ய நான் எழுந்து நின்றேன்.

"வேண்டாம்க்கா" என்றார். "இவ்வளவு வருஷம் இருந்த வீட்டை எனக்குக் கொடுத்திருக்காங்க. கொஞ்ச நாள் நான் கொடுக்கக் கூடாதா?"

பிறகு என்னிடம், "பாயைச் சுருட்டாத. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

லான்மடாவுக்குத் திரும்பி வந்தபோது பை அங்கேயே இருந்தது. கீழே டீக்கடைக்காரர், யாரும் எடுத்துவிடக் கூடாது என்று கயிற்றைச் சுருக்கித் தன் பெயர்ப்பலகைக்கு மேலே கட்டி வைத்திருந்தார். இவர் நாற்காலியில் இருந்தபடியே அதைப் பார்த்துச் சிரித்தார், இருமல் வரும் வரைக்கும்.

"இத்தாலிக்குப் போகப் பிடிக்கலையாம் அதுக்கு."

உபோசத நாளுக்காகக் காத்திருந்த நாட்களில் அவர் காலண்டர் படத்தைக் கழற்றித் துணிப்பைக்குள் வைக்கச் சொன்னார். அங்கே எந்தச் சுவரில் மாட்டுவது என்று கேட்டேன். "அங்க எதுக்குப் படம்? ஜன்னல் இருக்கே. ஆனா கொண்டு போவோம்" என்றார். இப்போது நான் இருப்பது அந்த மேட்டு வீட்டில்தான். தேங்காயை ஆட்டிப் பார்ப்பதும் நான்தான். அமே முடிந்தபோது வந்து, சரியாக ஆட்டுகிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார். படம் இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது.

உபோசத நாள் காலையில் அவருக்கு வெளுத்த சட்டையை எடுத்து வைத்துவிட்டு டீ போடப் போனேன். தெருவில் அன்றைக்கு ஜெனரேட்டர் சத்தம் இல்லை. டீயோடு வந்தபோது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். மூச்சு நின்றிருந்தது. கூப்பிட்டேன். தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன். டீயை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

நாத்தனார் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. என்னால் எடுக்க முடியவில்லை, அவர்தான் எடுத்தார். தன்லியினில் பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து அமே பேசினார். தேங்காய் கட்டியாகிவிட்டது, தண்ணீர் நன்றாக ஆடுகிறது, மகனைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றாராம். நாத்தனார் போனைக் காதில் வைத்தபடி, "சரிங்க அமே, சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அதே படிக்கட்டில் அவரை இறக்கினார்கள். வழியனுப்பத் தெருவில் உடைக்கத் தேங்காய் கேட்டபோது நாத்தனார் அந்தப் பூசைச் சாமான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் தண்ணீர் இருந்தது.