அசெம்பிளர் யாருக்கு

அன்புக்கரசி தன் அப்பாவை முதன்முதலாக அடித்தது பதினோராம் வகுப்பு படிக்கும்போது. கன்னிவாடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் அவளுடையது. தக்காளித் தோட்டத்திலிருந்து திரும்பிய அப்பா ஆண்டனிராஜ், குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அம்மா செபாஸ்தியம்மாளின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதில்லை, விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்பதுதான். அன்றைக்கு என்னவோ, கதவோரம் கிடந்த மண்வெட்டிப் பிடியை எடுத்து அவர் முழங்கையில் ஓங்கிப் போட்டாள். அவர் அப்படியே குந்திவிட்டார். முகத்தில் வலியைவிடத் திகைப்புதான் அதிகம்.

அதன்பிறகு மகள் வீட்டில் இருக்கும்போது அவர் கை ஓங்கவில்லை. இல்லாதபோது ஓங்கினார். திண்டுக்கல்லில் எஞ்சினியரிங் படிக்கச் சேர்ந்தபோது ஹாஸ்டலில் இடம் கிடைத்தும் வேண்டாம் என்று தினமும் பஸ்ஸில் போய் வந்தது அதனால்தான். சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால், அவர் குடித்துவிட்டு வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கல்லூரியிலும் அவளைக் கண்டால் ஒரு பயம் இருந்தது. பஸ் நெரிசலில் இடுப்பில் கை வைத்தவனின் மூக்கை உடைத்திருக்கிறாள். அவளுக்கு அன்பு என்று பெயர் வைத்தது யாரென்று பையன்கள் சிரிப்பார்கள், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

கடைசி வருட புராஜெக்டுக்கு அவளையும், மெஹராஜையும், முத்துக்கிருஷ்ணனையும் ஒரே அணியில் போட்டார்கள். முந்தைய வருடம் எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் சின்னதாக ஒரு பிராசசர் வடிவமைத்திருந்தார்கள். பிராசசர் இருந்ததே தவிர, அதற்குப் புரோகிராம் எழுத ஒரு கருவியும் கிடையாது. எதையும் ஒன்றும் பூஜ்யமுமாகக் கையாலேயே எழுத வேண்டும். அந்தக் கருவிகளைச் செய்வதுதான் இவர்கள் வேலை. மனிதர் எழுதும் கட்டளையை ஒன்று பூஜ்யமாக மாற்ற ஓர் அசெம்பிளர். பிராசசர் எப்படி ஓடுமோ அதைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக் காட்ட ஒரு சிமுலேட்டர். ஓட்டத்தை நடுவில் நிறுத்தித் தப்பைக் கண்டுபிடிக்க ஒரு டீபக்கர்.

அன்புக்கரசிக்கு அசெம்பிளர்மேல் ஆசை விழுந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்தாள். ‘அங்கே தாவு’ என்று ஒரு கட்டளை வரும், ஆனால் அந்த ‘அங்கே’ இன்னும் பத்து வரி தள்ளித்தான் இருக்கும். அப்போது எந்த முகவரியை எழுதுவது? ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது அவளுக்கு வழி பிடிபட்டது. முதல் தடவை படிக்கும்போது இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, இரண்டாம் தடவையில் மாற்றினால் போதும். பக்கத்துச் சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனால் அணித்தலைவன் முத்துக்கிருஷ்ணன் திட்டமிடும் பேச்சையெல்லாம் ஆறு மணிக்குமேல் வைத்துக்கொண்டான். அப்போதுதான் லேப் காலியாக இருக்கும் என்பது அவன் நியாயம். ஒருநாள் காலையில் வேலைப் பங்கீடு வாட்ஸ்அப்பில் வந்தது. அவளுக்கு ரிப்போர்ட் எழுதும் வேலை.

“நான் என்ன டைப்பிஸ்ட்டா?” என்று கேன்டீனில் அவன் முன்னால் போய் நின்றாள்.

“நீ ஒருநாளாச்சும் சாயங்காலம் இருந்திருக்கியா? பஸ்ஸு பஸ்ஸுன்னு ஓடுற. இருக்கவங்களுக்குத்தானே வேலையப் பிரிக்க முடியும்?”

மெஹராஜ் இருவருக்கும் நடுவில் வந்தாள். “இன்னிக்கு ஒருநாள் இரு அன்பு. உக்காந்து பேசி முடிச்சிருவோம்.”

அன்புக்கரசி அம்மாவுக்கு போன் செய்தாள். “நான் பாத்துக்கிறேன் தாயி, நீ இருந்துட்டு வா,” என்றாள் செபாஸ்தியம்மாள். இவளும் இருந்துவிட்டாள்.

லேபில் வெள்ளைப் பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, எந்தக் கருவி எதற்கு என்ன கொடுக்கும் என்று அம்புக்குறி போட்டார்கள். இரண்டு தடவை படிக்கும் யோசனையை அவள் சொன்னபோது முத்துக்கிருஷ்ணன் ஒரே தடவையில் முடிக்கலாம் என்று வாதாடினான். வாதம் சூடாக இருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது. மணி எட்டைத் தாண்டி, கிளம்பலாம் என்று மெஹராஜ் எழுந்த நேரத்தில், வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு ஆண்டனிராஜ் உள்ளே வந்தார்.

“ஆம்பளப் பயலோட இங்க என்னடி கொட்டம்?”

சடையைச் சுருட்டிப் பிடித்து இழுத்தார். மேசை விளிம்பில் அவள் நெற்றி மோதி ரத்தம் கண்ணில் இறங்கியது. “சார், விடுங்க சார்,” என்று வந்த முத்துக்கிருஷ்ணனுக்கு விழுந்த அறையில் அவன் கண்ணாடி தெறித்துச் சுவரில் பட்டு உடைந்தது.

அப்போதுதான் அப்பாவின் சட்டையைப் பார்த்தாள். மார்பெல்லாம் ரத்தம். அவர் உடம்பில் காயம் எதுவும் இல்லை.

“அம்மாவ என்ன செஞ்ச?”

“போய்ப் பாரு.”

இரும்பு ஸ்டூல் கைக்கு எட்டியது. முதல் அடி தோளில். சடையை விட்டார். திரும்பவும் பாய்ந்து வந்தார். இரண்டாவது அடி விலாவில். விழுந்தார். மூன்றாவது அடி அவர் விழுந்தபிறகு அடித்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். ஏதோ முறிவது ஸ்டூல் வழியாக உள்ளங்கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஓங்கினாள்.

முத்துக்கிருஷ்ணன் பின்னாலிருந்து அவள் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டான். “செத்துருவாரு, விடு!” அவள் முழங்கை அவன் வாயில் இறங்கி உதடு கிழிந்தது. அப்படியும் அவன் விடவில்லை. மெஹராஜ் அன்புக்கரசியின் போனை எடுத்து அவள் அம்மாவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். கடைசியில் பக்கத்து வீட்டு ராமுத்தாய் எடுத்தாள்.

“அன்பு! ஒங்கம்மா உசுரோட இருக்காங்க. ஆம்புலன்ஸுல ஏத்துறாங்களாம். கேக்குதா?” என்று கத்தினாள் மெஹராஜ்.

ஸ்டூல் தரையில் விழுந்தது.

அம்மாவுக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்து, முன்பல் இரண்டு போயிருந்தன. அப்பாவுக்குக் காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்திருந்தன. இரண்டு பேரும் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரியிலேயே வேறுவேறு வார்டில் கிடந்தார்கள். போலீஸ் கேட்டபோது ஆண்டனிராஜ், “படியில விழுந்துட்டேன்,” என்றார். பெற்ற மகள் அடித்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருடமாக எந்த டாக்டர் கேட்டாலும் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவந்த செபாஸ்தியம்மாள், பெண் போலீஸ் வந்து உட்கார்ந்ததும், “எம் புருசன் அடிச்சது. இன்னிக்கு மட்டுமில்ல,” என்று ஆரம்பித்து, அந்தம்மா இரண்டு தடவை பேனா மாற்றும்வரை சொன்னாள்.

கல்லூரி விசாரணை வைத்தது. உதட்டில் தையலோடு வந்த முத்துக்கிருஷ்ணன், “மொத ரெண்டு அடி அவரு எங்களப் போட்டு அடிச்சதுக்கு. மிச்சம் அதுக்கில்ல,” என்றான். அன்புக்கரசிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் சொன்னது உண்மை. அவளை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள்.

மெஹராஜின் அம்மா திண்டுக்கல் பேகம்பூரில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தாள். அம்மாவும் மகளும் ஊருக்குத் திரும்பவில்லை. கட்டுப்போட்ட கையோடு அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க, விட்ட இடத்திலிருந்து திட்டத்தைப் பேச மற்ற இருவரும் அங்கேயே வந்தார்கள்.

“நீ வர ஒரு மாசமாகும். அசெம்பிளர நான் எடுத்துக்கிறேன். ஒரே தடவையில படிக்கிற மாதிரிதான்,” என்றான் முத்துக்கிருஷ்ணன்.

“கூறுகெட்டவனே, தாவ வேண்டிய லேபிள் பின்னாடி வந்தா என்ன செய்வ?”

“இடத்த வெறுமனே விட்டுட்டு அப்புறம் வந்து நிரப்புவேன். ஒனக்குத் தெரிஞ்சது ஒரு வழி, அதையே புடிச்சித் தொங்குற.”

அவள் கை எப்போது உயர்ந்தது என்று அவளுக்கே தெரியாது. முத்துக்கிருஷ்ணன் சட்டென்று தையல் போட்ட வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். அந்த மாதிரி மூடிக்கொள்வதை அவள் வீட்டில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். மூலையில் அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அன்புக்கரசி வெளியே குழாயடிக்குப் போய் நின்றாள். நெடுநேரம் கழித்து உள்ளே வந்தபோது அவர்கள் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“அசெம்பிளர் நீயே எழுது,” என்றான் அவன். “ரெண்டு தடவயோ மூணு தடவயோ, ஒன்னிஷ்டம். ஆனா இனி கை ஓங்குனா நானும் மெஹராஜும் வேற டீமுக்குப் போயிருவோம். வெளயாட்டுக்குச் சொல்லல.”

“சரி,” என்றாள்.

அவர்கள் போனபின், “ஒனக்கு என்னயப் பாத்தாப் பயமாருக்காம்மா?” என்று கேட்டாள்.

“ஒன்னயப் பாத்தா?” அம்மா கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டிருந்தாள். “செல நேரம்.”

அன்று அன்புக்கரசி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் மெஹராஜின் பழைய லேப்டாப்பில் அசெம்பிளரின் முதல் வரியை எழுதினாள்.

தை பிறந்து சில நாளில் சிமுலேட்டரில் முதல் புரோகிராம் ஓடியது. இரண்டு எண்களைக் கூட்டிச் சொல்வதுதான், ஆனால் மூன்று பேரும் லேபில் கத்திய கத்தலில் வாட்ச்மேன் பதறி ஓடிவந்தார். இப்போது அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், அம்மாவும் கூடவே இருக்கிறாள். அம்மாவுக்கு முறிந்த அந்தக் கை இன்னும் முழுதாக நீட்ட வராது. அப்பாமேல் வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்குத் திண்டுக்கல் போகும்போது கோர்ட்டு வாசலில் அப்பா தள்ளி நிற்பார். அவள் கிட்டத்தில் வந்தால் இன்னும் தள்ளி நிற்பார். அது அவளுக்குச் சந்தோஷமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை.