கதவைச் சாத்திக் கேட்ட சத்தம்

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோ பகுதியில் நடந்தது இது. என்னுடன் வேலை பார்க்கும் தோழிக்குப் பழைய அமெரிக்க கார்கள் என்றால் உயிர். அறுபதுகளில் செய்த ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது: இரண்டு கதவு, இடது பக்க ஸ்டீயரிங், சின்ன உடம்புக்குள் பெரிய வி-எட்டு என்ஜின். நான் ஆட்டோமொபைல் என்ஜினியரிங் படித்தவள் என்பதால், பார்த்துச் சொல்லும்படி என்னை அனுப்பினாள்.

இப்படிப் பார்க்கப் போகும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆவதில் கோளாறு இருந்தால் அப்போதுதான் தெரியும். அதனால் காலையில் காரைத் தொட வேண்டாம் என்று முன்பே செய்தி அனுப்பியிருந்தேன்.

விற்பவர்கள் வயதான யாழ்ப்பாணத் தம்பதி. கராஜுக்குள் போய் பானட்டில் கை வைத்தேன். நல்ல சூடு. எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பின்னால் போனால், சாத்தியிருந்த ஷட்டரின் உட்புறத்தில், சைலன்சர் குழாய்க்கு நேராகக் கரி படிந்திருந்தது. உடனே ஷட்டரைத் தூக்கிவிட்டேன்.

“அங்கிள், கதவை மூடிட்டா ஸ்டார்ட் பண்றீங்க?”

“ஓம் பிள்ளை. நீங்கள் வேண்டாமெண்டு சொன்னது தெரியும். விக்கிறதுக்கு முதல் இண்டைக்கும் ஒருக்காக் கேக்கவேணும் போல இருந்தது. மகன் தன்ர கையால பூட்டின என்ஜின். பக்கத்து வீட்டில கைக்குழந்தை, சத்தத்துக்கு எழும்பிடும். அதால ஒவ்வொரு நாளும் சாத்திப்போட்டுத்தான் உள்ளுக்க இருப்பன்.”

அந்த மகன் முந்தைய வருடம் புற்றுநோயில் இறந்துவிட்டார் என்று மனைவி மெல்லச் சொன்னார்.

கராஜிலிருந்து சமையலறைக்குப் போகும் கதவு திறந்தே கிடந்தது. தலைவலி வருமா என்று கேட்டேன்.

“ரெண்டு பேருக்கும் தலையிடிதான், சாப்பிட்டது சத்தியாவும் வரும். மகன் போன கவலை எண்டு நினைச்சு டொக்டரிட்டயும் போகேல்லை,” என்றார் பெரியவர்.

புகை தெரிந்தாலும் அதிலிருக்கும் நச்சு வாயு தெரியாது, தூக்கம்போல வந்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்று விளக்கினேன். அந்த அம்மா கணவரைப் பார்த்தார்.

“பக்கத்து வீட்டுப் பிள்ளைய எழுப்பக்கூடாதெண்டு என்னை ஒரேயடியாப் படுக்கவைக்கப் பாத்தனீங்களோ?”

கணவர் சிரிக்கவில்லை.

இருவரையும் என் காரில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ரத்தத்தில் அந்த வாயு இருந்தது, ஆக்சிஜன் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அதோடு நிறுத்திக்கொண்டார்.

மாஸ்க்கை விலக்கிக்கொண்டு பெரியவர் கேட்டார்: “அப்ப இனி ஸ்டார்ட் பண்ண ஏலாதோ?”

“வெளிய கொண்டுவந்து பண்ணலாம், அங்கிள்.”

“குழந்தை எழும்பிடுமே.” சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். “உங்கட சிநேகிதியக் கொண்டுபோகச் சொல்லுங்கோ.”

இரண்டு உயிரைக் காப்பாற்றினாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அலுவலக வாசலில் தோழி வாங்கிய அந்தக் கார் வந்து நிற்கும்போதெல்லாம், மகனிடமிருந்து அவருக்கு மிச்சமிருந்த ஒரே சத்தத்தை அவர் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தவள் நான் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.